உள்ளங்கால் விசாரணை

கால்பந்து லீக் தொடங்கி இருபது வருஷம் ஆனதற்கு ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். வழவழப்பான காகிதம். முதல் பதினொரு பக்கமும் தலைவர் படம். நின்றபடி, உட்கார்ந்தபடி, காரில் ஏறியபடி, காரிலிருந்து இறங்கியபடி. பந்து படம் ஒன்றுகூட இல்லை. முப்பத்திரண்டாம் பக்கத்தில் எங்கள் ராசிபுரம் நெசவாளர் டீமைப் பற்றி ஒன்றரை வரி வருகிறது. ‘1935இல் இக்குழுவினர் தொழில்முறை ஆட்டக்காரர்கள் எனத் தெரியவந்ததால் தாமாகவே கௌரவத்துடன் விலகிக்கொண்டனர்.’

நான் அதிகம் படித்தவன் இல்லை. மூன்றாம் வகுப்பில் வாத்தியாரோடு தகராறு வந்து நின்றுபோனவன். ஆனால் இந்த ஒன்றரை வரியில் எத்தனை பொய் இருக்கிறது என்று எண்ணுவதற்கு மூன்றாம் வகுப்பே போதும். தொழில்முறை என்பது பொய். தெரியவந்தது என்பது பொய். தாமாகவே என்பது பச்சைப் பொய். கௌரவம் என்ற சொல்லை அந்தக் கமிட்டி எங்கிருந்து எடுத்தது என்றே எனக்கு விளங்கவில்லை.

அச்சில் வந்ததை நான் எப்போதும் நம்புவதில்லை. இதுவும் அச்சில் வந்தால் நீங்களும் நம்ப வேண்டாம். கேட்டுக்கொண்டால் போதும்.

லீக் பிறந்த கதைக்கு மலரில் ஒன்பது பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். விஷயம் இவ்வளவுதான். 1926இல் சேலத்துக்கு வந்த ஒரு துரை, ‘இந்த ஜில்லாவில் கால்பந்து ஆடுவதில்லையா’ என்று கேட்டாராம். கேட்டுவிட்டு ரயிலேறிப் போய்விட்டார். மறுவாரமே செவ்வாய்ப்பேட்டையில் சங்கம் முளைத்தது. தலைவர் ஒருவர், உபதலைவர் ஏழு பேர், காரியதரிசி, உதவிக் காரியதரிசி, கௌரவ டாக்டர், கௌரவ ஜோசியர். பந்து ஒன்று வாங்க வேண்டும் என்பது அடுத்த வருஷம்தான் நினைவுக்கு வந்தது.

தலைவர் செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகை மண்டி வைத்திருந்த ராவ்சாகிப். முதல் ஆட்டத்தைத் தொடங்கி வைக்க நாலு மணிக்குப் பேச எழுந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் உட்கார்ந்தார். இருட்டிவிட்டதால் இரண்டு டீமும் வீட்டுக்குப் போய்விட்டன. கோல் விழாத சமன் என்று பதிவு செய்தார்கள். இரு தரப்பும் தற்காப்பில் சிறந்து விளங்கியதாக மலரில் இருக்கிறது.

டீம்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வக்கீல்கள் டீம் ஒன்று. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் அதை உள்ளே எறிவது யார் என்று வாதாடி, மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு வாய்தா வாங்கினவர்கள் அவர்கள். தாலுகா ஆபீஸ் டீமுக்குத் தாசில்தாரே கோல் காவல். கோல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்து உதைப்பது மரியாதை இல்லை என்று எதிர் டீம் ஓரமாக உதைத்துவிட்டுக் கும்பிடு போடும். அந்த டீம் ஐந்து வருஷம் ஒரு கோல்கூட வாங்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம். மளிகை வர்த்தகர் டீமில் முன்வரிசை ஆட்கள் ஐந்து பேர். வரம்புக்கு வெளியிலிருந்து யாராவது மிளகாய் விலை கேட்டால் ஐந்து பேரும் நின்றுவிடுவார்கள். இவர்களோடு சூரமங்கலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த நூல் மில்லின் டீம். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

ஐந்தாவதாக நாங்கள் சேர்ந்தோம்.

நெசவாளிக்கு அமாவாசை அன்று தறி கிடையாது. அந்த ஒரு நாள்தான் எங்கள் பையன்களுக்கு வெயில் கண்ணில் படும். வற்றிக் கிடக்கிற ஏரிக்குள் இறங்கிச் சாயங்காலம் வரை உதைத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அப்போது ஐம்பது வயது. பந்துக்குக் காற்றடிக்கவும் பிளாடரில் ஒட்டுப் போடவும் எனக்குத்தான் பொறுமை இருந்தது. கையெழுத்துப் போடவும் தெரியும் என்பதால் என்னை டீமின் மானேஜர் ஆக்கிவிட்டார்கள்.

ஆட்டம் தெரிந்தவன் எங்களில் ஒருத்தன்தான், கந்தவேல். இருபத்தாறு வயது. என் பங்காளி மகன், எனக்குப் பிள்ளை முறை. குழித்தறியில் உட்கார்ந்தவன் குழிக்குள்ளே இரண்டு மிதிபலகையை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் மிதி என்று எண்ணியவன் கிடையாது. பத்து வயதிலிருந்து மிதித்த கால் அது. விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேச்சுக் கேட்கும். வெறுங்காலில் பந்தை நிறுத்தினால் ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

எங்கள் முதல் ஆட்டம் வக்கீல்களோடு. நாலு கோல். நாலும் கந்தவேல் உதைத்தது. வக்கீல்கள் நாலாவது கோலுக்கு மட்டும் ஆட்சேபம் சொல்லவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால்.

ஆட்டம் முடிந்ததும் மில் மானேஜர் வரம்போரம் வந்தார். அவர் ஏழு உபதலைவர்களில் ஒருவர். கந்தவேலின் தோளைத் தட்டிக்கொடுத்தார். பைனலுக்கு மில்லின் ஏஜெண்டு துரை வருவார், அவர் கண் முன்னால் இதே மாதிரி ஆடிக் காட்டினால் மில்லில் நிரந்தர வேலைக்குப் பெயர் எழுதிவிடலாம் என்றார்.

அந்த வருஷம் ராசிபுரத்தில் நெசவு படுத்துவிட்டிருந்தது. சேலை நெய்து வைத்தால் வாங்க ஆளில்லை. பாவு கொடுக்கிற முதலாளி மாசத்தில் பத்து நாளைக்குத்தான் நூல் கொடுத்தார். கந்தவேலுக்கு மூன்று வயதில் ஒரு பெண், கையில் ஒரு பையன். அவன் பெண்சாதி பெரியநாயகி சோளக் கூழைக் கூடத் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மாசாமாசம் சம்பளம் என்று ஒருத்தர் சொன்னால் அந்த வீட்டில் அது சாமி வாக்கு. எனக்கு அந்த மானேஜர் மேல் நம்பிக்கை வரவில்லை. தோளைத் தட்டுகிற ஆளை நான் நம்புவதில்லை. ஆனால் கந்தவேல் நம்பினான். அவனுக்கு வேறு வழி இல்லை.

மூன்றாம் நாள் தபால் வந்தது. காரியதரிசி எழுதியிருந்தார். லீக் அமெச்சூர்களுக்கு, அதாவது காசுக்கு ஆடாதவர்களுக்கு, மட்டுமே உரியது, விதி மூன்றின்படி ஆட்டத்துக்குப் பயன்படும் உறுப்பால் பிழைப்பு நடத்துகிறவன் அமெச்சூர் ஆகமாட்டான், கந்தவேல் என்பவர் தறி மிதித்துக் காலால் பிழைப்பதாகப் பிராது வந்திருக்கிறது என்று கண்டிருந்தது.

நான் சேலத்துக்கு ஓடினேன். காரியதரிசி ஒரு வக்கீல். வக்கீல் டீமுக்குக் காப்டனும் அவரே. பிராது கொடுத்தவர் யார் என்று கேட்டேன். தாம்தான் என்றார். வாங்கிப் பதிவு செய்தது யார் என்றேன். அதுவும் தாம்தான் என்றார். விசாரிக்கப் போகிறவரும் தாமேயாம். யாருக்கும் அலைச்சல் இல்லை பாருங்கள் என்று சிரித்தார்.

“ஏனுங்க, எங்க டீமுல பதினோரு பேரும் தறி மிதிக்கிறவிகதானுங்க. கந்தவேல் மேல மட்டும் எதுக்குங்க பிராது?” என்று கேட்டேன்.

“மற்ற பத்துப் பேர் ஆட்டத்தையும் பார்த்தேன். காலால் பிழைக்கக்கூடியவர்களாகத் தெரியவில்லை” என்றார்.

அதில் உண்மை இருந்ததால் நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த வாரம் கமிட்டி நேரில் பார்க்க ராசிபுரம் வந்தது. இரண்டு கார். தலைவர், காரியதரிசி, டாக்டர், மில் மானேஜர், ராகுகாலம் பார்த்துச் சொல்ல ஜோசியர். கந்தவேலின் வீடு ஒற்றை அறை. அதில் பாதி தறி. தலைவர் உள்ளே வந்ததும் மற்றவர்களுக்கு இடமில்லாமல் வாசலில் நின்றார்கள். பெரியநாயகி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

கந்தவேலை மிதித்துக் காட்டச் சொன்னார்கள். மிதித்துக் காட்டினான். காரியதரிசிக்குத் திருப்தி இல்லை. குழிக்குள்ளே கால் உண்மையாக வேலை செய்கிறதா, சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறதா என்பதை அனுபவித்துப் பார்த்தால்தான் தீர்ப்பு எழுத முடியும் என்றார். கோட்டைக் கழற்றித் தலைவரிடம் கொடுத்துவிட்டுக் குழியில் இறங்கினார். அவர் நல்ல சரீரம். இறங்குவது சுலபமாக இருந்தது. பலகையை நாலு மிதி மிதித்துவிட்டு வியர்த்துப்போய் எழுந்திருக்கப் பார்த்தார். இடுப்பு குழியின் விளிம்பில் பிடித்துக்கொண்டது.

அந்த நிலையிலேயே அவர் பேசினார். அந்தப் பேச்சு மலரில் இல்லை. எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“கனவான்களே, ஒன்றைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் இந்தப் பலகையை மிதித்தது ஆராய்ச்சிக்காக. பிழைப்புக்காக அல்ல. ஆகவே என்னுடைய அமெச்சூர் அந்தஸ்துக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை.”

தலைவர் ஆமோதித்தார். டாக்டர் வழிமொழிந்தார். அதன் பிறகு நானும் கந்தவேலும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை மேலே இழுத்தோம். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் நூறு இழைக்கு மேல் அறுந்துபோயிருந்தது. கந்தவேல் ஒவ்வொன்றாக எடுத்து முடி போட உட்கார்ந்தான்.

தீர்ப்பு வருகிறவரைக்கும் இடைக்காலத் தடை போட்டார்கள். கந்தவேல் மைதானத்தில் நிற்கலாம், ஓடலாம், பந்து மட்டும் அவன் காலில் படக்கூடாது. ஓடுவதும் காலால்தானே என்று நான் கேட்டேன். அதைப் பற்றித் தனியாகப் பிராது வந்தால் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள்.

அடுத்த ஆட்டம் தாலுகா ஆபீஸோடு. ஜெயித்தால் பைனல். எங்கள் பையன்கள் பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள், கந்தவேல் தலையால் முட்டினான். பந்து தரையில் உருண்டு வந்தபோது படுத்துக்கொண்டு முட்டினான். மூக்கில் ரத்தம் வந்தது. இரண்டு கோல். தாசில்தார் நாற்காலியை விட்டு அசையவில்லை. தலைக்கு மேலே போகிறதெல்லாம் மேலதிகாரிகளைச் சேர்ந்தது என்று பிறகு விளக்கம் எழுதிக் கொடுத்தாராம்.

உடனே இன்னொரு பிராது. நெசவுக்காரன் இழை எண்ணுவதும் கரை பார்ப்பதும் தலையால்தான், ஆகவே தலையும் பிழைப்பு உறுப்புதான் என்று.

இதற்கு விசாரணை சேலத்தில் உத்தியோகஸ்தர்கள் கிளப்பில் நடந்தது. நீள மேஜை. பதினாலு பேர். எல்லோருக்கும் காப்பி வந்தது. எனக்கும் கந்தவேலுக்கும் வரவில்லை, நாங்கள் பிரதிவாதிகள். எனக்கு அன்றைக்கு வாய் அடங்கவில்லை.

“சாமி, நானு படிக்காதவன். ஒண்ணு கேக்கறேன். வக்கீலையா வாயால பொழைக்கறாரு. ஆட்டத்துல அவரு வாயத் தொறக்காம ஆடோணுமுங்களா? தாசில்தார் கையெழுத்துப் போட்டுப் பொழைக்கறாரு. கையால பந்தப் புடிக்கலாமுங்களா?”

ஒருத்தரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. குழந்தை கேட்ட மாதிரி சிரித்தார்கள். தலைவர் எழுந்து நின்று பதில் சொன்னார்.

“பெரியவர் தெரியாமல் கேட்கிறார். பிழைப்பு வேறு, உத்தியோகம் வேறு. பிழைப்பில் உடம்பு உழைக்கிறது. உத்தியோகத்தில் எந்த உறுப்பும் உழைப்பதில்லை. இந்தத் தாலுகாவில் முப்பது வருஷமாக உத்தியோகஸ்தர்களோடு பழகியவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்வேன், அவர்களுடைய ஒரு விரல்கூட இன்றுவரை உழைத்ததில்லை.”

மேஜையைச் சுற்றியிருந்த உத்தியோகஸ்தர்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

நான் மில் டீமைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பதினொரு பேரும் மில்லில் சம்பளம் வாங்கினார்கள். ஒருத்தனும் நூல் சுற்றும் கதிரைத் தொட்டதில்லை. காலை முழுக்கப் பந்து, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் பந்து. அவர்கள் எப்படி அமெச்சூர் என்றேன். மானேஜரே பதில் சொன்னார். அவர்கள் வாங்குவது குமாஸ்தா சம்பளம், அந்த வேலையை அவர்கள் செய்வதில்லை, செய்யாத வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவன் எந்த உறுப்பாலும் பிழைக்கவில்லை, அதைவிடச் சுத்தமான அமெச்சூர் எங்கே கிடைப்பான் என்றார். காரியதரிசி அதைக் குறித்துக்கொண்டார், விதிப் புத்தகத்தில் சேர்ப்பதற்கு.

கடைசியில் கந்தவேல் வாயைத் திறந்தான். அதுவரைக்கும் அவன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.

“நானு அமெச்சூரு ஆகறதுக்கு என்னங்க பண்ணோணும்?”

கமிட்டி அரை மணி நேரம் உள்ளே போய்ப் பேசியது. ஜோசியர் யோசனை சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்து அறிவித்தார்கள். தலைவர் வீட்டில் கல்யாணம் இருப்பதால் பைனல் இரண்டு மாதம் தள்ளிப்போகிறது. அதற்குள் கந்தவேல் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், மிதிபலகையைத் தொடாமல் கால் விரதம் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை சேலம் வந்து டாக்டரிடம் உள்ளங்காலைக் காட்ட வேண்டும். காய்ப்பு மறைந்தால் அமெச்சூர்.

நான் வேண்டாம் என்றேன். வழியெல்லாம் சொன்னேன். இவனுகளை நம்பாதே சாமி, இன்றைக்குக் காலைக் கேட்கிறவன் நாளைக்கு வேறொன்றைக் கேட்பான் என்றேன். “மாசச் சம்பளம் பெரீப்பா” என்று ஒரே பேச்சுத்தான் அவனிடம் இருந்தது.

கந்தவேல் குழியை விட்டு ஏறினான். பெரியநாயகி இறங்கினாள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் ஊடை நூலைக் குச்சியில் தார் சுற்றுவார்கள், பாவுக்குக் கஞ்சி போடுவார்கள். சேலை நெய்யக் குழியில் உட்காருவது அபூர்வம். அவள் கைப்பிள்ளையைத் தறிக்கட்டையில் கட்டிய தூளியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். முதல் இரண்டு நாள் இழை அறுந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து அறுக்கவில்லை. ராத்திரி காலில் வீக்கத்தோடு படுப்பாள் என்று கந்தவேல் சொன்னான்.

நான் போனபோது அவள் மிதித்துக்கொண்டே கேட்டாள். “ஏனுங் மாமா, இவுங்க காலுக்குத் தெனமும் பூப் போட்டுக் கும்புடோணுமுங்களா, இல்ல எண்ண தடவுனாப் போதுமுங்களா? கமிட்டில கேட்டுச் சொல்லுங்க.” கந்தவேல் தலையைக் குனிந்துகொண்டு தார் சுற்றினான். கையால் சுற்றலாம் என்று அனுமதி வாங்கியிருந்தோம்.

சனிக்கிழமைதோறும் அவன் சேலம் போனான். நடந்தால் காய்ப்பு ஏறும் என்று பஸ்ஸில் போனான். அந்தக் காசுக்குப் பெரியநாயகியின் பித்தளைத் தவலை போனது. டாக்டர் கட்டைவிரலால் உள்ளங்காலை அழுத்திப் பார்த்து நோட்டில் எழுதுவார். அந்த நோட்டை நான் பார்த்தேன். முதல் வாரம் ‘கருங்கல்’ என்று எழுதியிருந்தது. இரண்டாம் வாரம் ‘செங்கல்’. மூன்றாம் வாரம் ‘கட்டை’. ஐந்தாம் வாரம் ‘தோல்’. ஏழாம் வாரம் ‘குமாஸ்தா’ என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

பைனல் சூரமங்கலத்தில். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் பிறக்கிறது என்பதால் நாலேகாலுக்கே தொடங்க வேண்டும் என்று ஜோசியர் கட்டளை. பந்தலில் ஏஜெண்டு துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மானேஜர். கந்தவேல் ஒரு மாதத்துக்குப் பிறகு சட்டை துவைத்துப் போட்டிருந்தான். பையன்கள் வரிசையாக நின்றார்கள். டாக்டர் நோட்டை எடுத்து ‘குமாஸ்தா’ என்று உரக்கப் படித்தார். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. வந்திருக்கக்கூடாது.

காரியதரிசி மைதானத்துக்குள் வந்தார். சாதாரண விஷயம் கேட்கிற மாதிரி கேட்டார்.

“கந்தவேல், இந்த நாற்பத்தெட்டு நாளும் தறியைத் தொடவில்லையே?”

“இல்லீங்க. சத்தியமாத் தொடலீங்க.”

“ரொம்ப சந்தோஷம். அப்படியானால் சாப்பாட்டுக்கு என்ன செய்தாய்?”

நான் அவன் கையைப் பிடித்துக் கிள்ளினேன். அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

“எம்பட பொஞ்சாதி தறி மிதிச்சாளுங்க.”

காரியதரிசி தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணை மூடித் தலையசைத்தார். அங்கேயே நின்று தீர்மானம் எழுதினார்கள். கந்தவேல் காலால் வந்த சோற்றைத்தான் தின்றிருக்கிறான். அது மனைவியின் கால் என்பதால் குற்றம் குறையாது, சட்டத்தில் புருஷன் பெண்சாதி ஒன்று. இது ஒன்று. இரண்டாவது, நாற்பத்தெட்டு நாளாக அவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவன் அமெச்சூர் ஆகமாட்டான், வேலை இருந்தும் செய்யாதவனே அமெச்சூர். மூன்றாவது, வரும் வருஷத்திலிருந்து மிதிபலகைக்காரர் எவரும் லீகில் சேர முடியாது. ஆனால் கோப்பையை ஜெயிப்பதற்குத் தோற்கிற டீம் ஒன்று தேவைப்படுவதால், மற்ற பத்துப் பேருக்கும் அன்று ஒரு நாளைக்கு மட்டும், ஆறு மணி வரை, அமெச்சூர் அந்தஸ்து வழங்கப்படுகிறது.

பத்துப் பேரோடு ஆடினோம். ஆறு கோல் வாங்கினோம். கந்தவேல் வரம்புக்கு வெளியே நின்றான். ஏஜெண்டு துரை பாதி ஆட்டத்தில் பந்தைப் பார்க்கவே இல்லை, கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கோப்பையைத் தலைவர் பங்களாவுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோக வேண்டும். சூரமங்கலத்திலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்கு இரண்டு மைலுக்கு மேல் இருக்கும். மூன்றடி உயரக் கோப்பை, அடியில் கருங்காலிப் பீடம். சுமக்க ஏற்பாடு செய்த கூலியாள் வரவில்லை. ஜெயித்த மில் டீம் சுமக்காதா என்றால், கோப்பையை வெல்வதுதான் அமெச்சூர் வேலை, சுமப்பது உடல் உழைப்பு என்று காப்டன் மறுத்துவிட்டான். தலைவர் சுற்றிலும் பார்த்தார். கந்தவேல் நின்றிருந்தான்.

“இதோ நம்ம தம்பி. காலால் பிழைக்கிறவர்களை நமது சங்கம் ஒருநாளும் கைவிடாது. தம்பிக்குத் தகுந்த கூலி கொடுத்துவிடுவோம்” என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

நான் வா போகலாம் என்று அவனை இழுத்தேன். அதற்குள் மானேஜர் அவன் காதோரம் வந்துவிட்டார். துரை பார்த்துக்கொண்டிருக்கிறார், இந்த நேரத்தில் முறுக்கிக்கொள்ளாதே என்றார். கந்தவேல் துண்டைச் சும்மாடு கட்டிக் கோப்பையைத் தலையில் ஏற்றினான்.

முன்னால் பேண்டு வாத்தியம். அதற்குப் பின்னால் கந்தவேல். அவனுக்குப் பின்னால் கார்களில் கமிட்டியும் டீமும். செவ்வாய்ப்பேட்டைக்குள் நுழைந்ததும் தெரு ஜனங்கள் பார்த்தார்கள். கோப்பை யார் தலையில் இருக்கிறதோ அவன்தானே ஜெயித்தவன். கடைக்காரர் ஒருவர் இறங்கி வந்து கந்தவேல் கழுத்தில் மாலை போட்டார். ஒரு அம்மாள் ஆரத்தி எடுத்தாள். பூக்காரி ஆத்தாயி என்பவள், “இந்தத் தம்பி காலப் பாரு, ஆடி ஆடி எப்படிப் புண்ணாப் போயிருக்கு” என்று சொல்லி ஒரு சொம்புத் தண்ணீரை அவன் காலில் ஊற்றினாள்.

புண் ஆனது ஆட்டத்தால் இல்லை. டாக்டர் குமாஸ்தாவாக்கிக் கொடுத்த கால் தார் ரோட்டில் இரண்டு மைல் தாங்கவில்லை. தோல் உரிந்துவிட்டது.

காரியதரிசி காரை விட்டு இறங்கி வீடு வீடாக ஓடினார். இவர் ஜெயித்தவர் இல்லை, சுமை கூலி, ஜெயித்தவர்கள் பின்னால் காரில் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே ஓடினார். யாரும் நம்பவில்லை. காரில் இருந்தவர்களைப் பார்த்தால் பந்தாடியவர்களாகத் தெரியவில்லை என்றார் ஒரு அரிசிக் கடைக்காரர்.

பங்களா வாசலில் கோப்பையை இறக்கினான். தலைவர் ஜேபியில் கையை விட்டுக் கூலியை எடுத்து நீட்டினார். விளக்கு வெளிச்சத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது, இரண்டு முழு ரூபாய். வீட்டில் ஒரு வாரத்துக்கு அரிசி. கந்தவேல் கையை நீட்டப் போனான். நீட்டாமல் மானேஜரைப் பார்த்தான். வாங்கினால் காலால் பிழைக்கிறவன் என்று ஆகிவிடும், அதோடு மில் வேலை போய்விடும் என்று அவனுக்கு ஓடியிருக்கிறது.

“வேண்டாமுங்க. நானு கூலிக்குக் கால ஓட்டறவன் இல்லீங்க.”

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதுதான் அமெச்சூர் மனப்பான்மை. இருபது வருஷம் தேடினாலும் இப்படி ஒருவரைக் காண முடியாது” என்றார். இரண்டு ரூபாயும் ஜேபிக்குள் திரும்பிப் போனது. அங்கேயே கமிட்டி கூடியது. அன்று மாலை ஏழு மணி முதல் கந்தவேல் பூரண அமெச்சூர் என்று ஏகமனதாக எழுதி, முத்திரை வைத்து, அவன் கையில் கொடுத்தார்கள். என்னைப் படிக்கச் சொன்னான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவன் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மானேஜரிடம் போனான்.

மானேஜர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்கு வெள்ளிக்கிழமையே ஆள் போட்டாயிற்று என்றார். துரை வீட்டுச் சமையல்காரனின் மச்சானாம். பந்தாடுவானா என்று கேட்டேன். ஆடமாட்டான், வேலையும் செய்யமாட்டான், அருமையான அமெச்சூர் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கந்தவேலை அடிக்கக் கை ஓங்கினேன். அந்த ரெண்டு ரூபாயை வாங்கியிருக்கக்கூடாதா என்று கேட்டேன். அவன் காலைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டேன். காலையில் முதல் பஸ்ஸுக்கு என் துண்டை விற்றுக் காசு கொடுத்தேன்.

வீட்டுக்குள் போனபோது பெரியநாயகி குழியில் இருந்தாள். நாங்கள் வந்ததைப் பார்த்தும் கால் நிற்கவில்லை. பிள்ளை தூளியில் அழுது அழுது ஓய்ந்து கிடந்தது. பெண் வெறும் தட்டை வைத்துக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தது.

“என்னங்க குடுத்தாங்க?” என்றாள்.

அவன் காகிதத்தை நீட்டினான். “நானு அமெச்சூருன்னு எழுதிக் குடுத்துருக்கறாங்க.”

அவள் தறியை நிறுத்தினாள். காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“இது எத்தன படி வருமுங்க? அரிசியாட்டக் களஞ்சு ஒலையில போடட்டுங்களா?”